நாலு மணிக்குப் பாயைச் சுருட்டுங்கள்

ஆடி பிறந்துவிட்டால் ஏ9 வீதியால் இலங்கையின் வடக்கே வன்னிக்குள் வாகனங்கள் இறங்கத் தொடங்கும். விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுக் குடும்பங்கள், மடு மாதா கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு நாளை ஒதுக்கிக்கொண்ட தென்பகுதிக்காரர், யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பிய இளந்தாரிகள், எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "காட்டுப் பக்கமா இருந்து சாப்பிட நல்ல இடம் ஒண்டு சொல்லுங்கோ." இதற்கு ஊரில் எல்லாரிடமும் பதில் உண்டு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம், கட்டுக்கரை என்று குளங்களை விரல் மடித்துச் சொல்லிவிடுவார்கள். கேட்டவர் போனில் குறித்துக்கொண்டு போய், பன்னிரண்டு மணி வெயிலில் குளக்கட்டில் நின்று நாலு படம் எடுத்து, நிழலில்லாத இடத்தில் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்து, "வன்னியில என்ன இருக்கு, வெறும் வெயில்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். அல்லது, அதைவிட மோசமாக, உண்மையிலேயே அருமையான இடமொன்று அவருக்குக் கிடைத்துவிடும். கிடைத்த சந்தோஷத்தில் பொழுது சாயும்வரை எழும்ப மனம் வராது.

இரண்டுக்கும் காரணம் கேட்ட கேள்விதான். மாட்டுப்பட்டிக்காரர் ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இடத்தைப் பற்றி அவர் வாய் திறக்க மாட்டார். "எத்தினை மணிக்குத் தம்பி வெளிக்கிடுவியள்?" என்று திருப்பிக் கேட்பார். வன்னியில் ஒரு நிழலுக்குப் பல சொந்தக்காரர். விடியப்புறம் அது கரடிக்கும் மானுக்கும். வெயில் ஏறியதும் பட்டிக்கும் விறகு பொறுக்க வந்தவர்களுக்கும். அந்திபட்டால் யானைக்கு. நடுவில் சும்மா கிடக்கிற சில மணித்தியாலம் மட்டும்தான் நமக்கு. பாய் விரிக்க நாம் தேடுவது தண்ணீர், புல்வெளி, காற்று, அடர்ந்த நிழல். யானை தேடுவதும் அச்சொட்டாக அதையே. ஆகவே வன்னியில் ஓர் இடம் எவ்வளவுக்கு நல்ல இடமோ அவ்வளவுக்கு அங்கிருந்து நேரத்தோடு எழும்ப வேண்டும். இதை ஊர்க்காரர் யாரும் விளக்கிச் சொல்வதில்லை, சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அவர்களுக்கு இது பழகிப்போன விசயம். வருகிறவருக்குத்தான் தெரிவதில்லை.

கட்டு நடக்க, அலைகரை இருக்க

குளம் என்றதும் எல்லாரும் கட்டுக்குத்தான் போகிறார்கள். கட்டு நடப்பதற்கு நல்லது, இருப்பதற்கு ஆகாது. அதில் பெருமரம் வளர விடமாட்டார்கள். விட்டால் என்றோ ஒருநாள் மரம் செத்து, வேர் உக்கி, அந்த வேர் போன ஓட்டை வழியே தண்ணீர் கசிந்து கட்டையே குடைந்துவிடும். நிழல் இல்லாததற்குக் காரணம் அதுதான். காலை ஆறு மணியிலிருந்து எட்டரைக்குள் கட்டில் நடந்துவிட வேண்டும். கனகராயன் ஆற்றை மறித்து நிற்கும் இரணைமடுக் கட்டில் அந்த நேரத்தில் நடந்தால் ஒரு பக்கம் கடல்போலத் தண்ணீர், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். பாலி ஆற்றை மறித்த வவுனிக்குளத்திலும் பேராற்றை மறித்த முத்தையன்கட்டிலும் காடு இன்னும் கிட்ட வந்து நிற்கும். கட்டின் உட்சரிவில் பாவிய கற்களில் இறங்காதீர்கள். பாசி பிடித்த கல் சறுக்கும், கல்லிடுக்கில் புடையன் பாம்பு கிடக்கும். தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசு திறந்திருக்கிற நாளில் அதன் வாயருகே குளிப்பது தற்கொலை. மேலே தண்ணீர் அசையாததுபோல இருக்கும், அடியில் இழுக்கும்.

இருக்க வேண்டிய இடம் அலைகரை. கட்டுக்கு எதிர்ப்புறம், தண்ணீர் ஏறி இறங்குகிற ஓரம். மார்கழி, தையில் குளம் நிரம்பி வான் பாய்கிற காலத்தில் அலைகரை என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது, காட்டுமரங்களின் காலடிவரை தண்ணீர் நிற்கும். கோடை நெற்செய்கையான சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்ட பிறகு குளம் மெல்லப் பின்வாங்கும். நிலம் அவ்வளவு சமதரை என்பதால் ஓர் அடி நீர் இறங்கினாலே கரை வெகுதூரம் விலகிவிடும். வைகாசியில் அந்த வெளியில் பசும்புல் முளைத்திருக்கும். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தண்ணீரைத் தொட்டுக்கொண்டு வரும். ஆடி, ஆவணியில் புல் காய்ந்து, தண்ணீர் நடுக்குளத்தில் ஒடுங்கிப் போயிருக்கும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் காண்பது இந்தக் காய்ந்த முகத்தைத்தான், பாவம். மாசியும் பங்குனியும்தான் அலைகரைக்கு மிக நல்ல காலம். வெயில் கொளுத்தாது, தண்ணீர் காட்டோரத்திலேயே நிற்கும், பறவையும் நிறைய.

அலைகரையில் அடிக்கடி நடக்கிற விபத்து யானையால் அல்ல, சேற்றால். வெடித்துக் காய்ந்த தரை கட்டாந்தரைபோலத் தெரியும், வாகனத்தைத் தண்ணீரண்டை கொண்டுபோய் நிறுத்தலாம் என்று ஆசை வரும். மேலே நாலு விரல்கடை காய்ந்திருக்கும், கீழே களி. முன்சில்லு புதைந்தால் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கட்டி இழுக்க இரண்டு மணித்தியாலம் போய்விடும்; அந்த இரண்டு மணித்தியாலம் நாலுக்கும் ஆறுக்கும் இடையில் வந்து விழுந்தால் என்ன என்பதை யோசித்துக்கொள்ளுங்கள். மாட்டுக் குளம்படியைப் பாருங்கள். குளம்பு ஒரு விரல் ஆழத்துக்குள் பதிந்திருந்தால் ஆள் நடக்கலாம். அதற்கு மேலே பதிந்திருந்தால் திரும்பிவிடுங்கள். வாகனத்தை எப்போதும் கிறவல் றோட்டிலேயே, வந்த வழிக்கு முகம் திருப்பி நிறுத்துவது நல்லது.

எந்த மரத்தடி

மருதுதான் அரசன். தண்ணீரோரம் நிற்கும், வெள்ளைத் தண்டு, புடைத்த வேர்கள் கதிரைபோல. அந்த வேரில் இருக்கும்போது தண்ணீருக்கும் உங்களுக்கும் இடையே குறைந்தது பத்துப் பன்னிரண்டு அடி இருக்கட்டும். குளத்து முதலை கோடையில் சிறிய நீருக்குள் நெருங்கிக் கிடக்கும். கோப்பை கழுவுவது, மீன் துப்புரவாக்குவது எல்லாம் தண்ணீரை அள்ளிக்கொண்டு வந்து மேட்டில் வைத்துச் செய்ய வேண்டியவை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்கினால் முதலை அந்த இடத்தைப் படித்துக்கொள்ளும்.

பாலை மரத்தின் நிழல் மருதைவிட அடர்த்தி, ஆனால் காலம் பார்க்க வேண்டும். அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன். வீரை, முறுக்கிப் பிழிந்த துணிபோலத் தண்டு கொண்ட மரம். நிழலுக்குக் குறைவில்லை, ஆனால் தண்டிலுள்ள பொந்துக்குள் எது இருக்கிறதென்று பார்த்துவிட்டுச் சாயுங்கள். தேன் இருந்தால் தேனீ இருக்கும். காய்த்து நிற்கிற விளாமரத்தடியில் பாய் விரிக்கவே கூடாது. யானை விளாம்பழத்தை முழுசாக விழுங்கும், அந்த மணத்துக்கு எங்கிருந்தும் வரும். தண்டைச் சுற்றித் தரை மிதிபட்டுக் கிடக்கிறதா, ஆள் உயரத்துக்கு மேலே பட்டையில் காய்ந்த சேறு அப்பியிருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். அது யானை முதுகு தேய்த்த அடையாளம். கிளையில் இலைகளைச் சேர்த்துத் தைத்ததுபோல உருண்டை தெரிந்தால் முசுறு எறும்புக் கூடு, வேறு மரம் பார்க்கலாம். கடலேரிப் பக்கம், நந்திக்கடல், கொக்கிளாய்க் கரைகளில் தில்லை மரம் நிற்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, விறகாக எரித்தால் புகையே கண்ணை எரிக்கும். கொப்பு முறிக்கும்போது வெள்ளைப் பால் வழிகிற, பெயர் தெரியாத எந்த மரத்தையும் அடுப்புக்குள் வைக்காதிருப்பது பொதுவான பாதுகாப்பு.

கரடிக்குச் சத்தம், யானைக்கு மௌனம்

வன்னிக் காட்டு நடையில் எல்லாரும் பிழைவிடுகிற இடம் இது. புத்திமதி சொல்கிறவர்களில் பாதிப்பேர் "சத்தம் போடாமல் நடவுங்கோ" என்பார்கள், மீதிப்பேர் "கதைச்சுக்கொண்டு போங்கோ" என்பார்கள். இரண்டும் சரி. எங்கே எது என்று சொல்லாமல் விட்டுவிடுவதுதான் வில்லங்கம்.

வைகாசியிலிருந்து ஆடிவரை பாலைப்பழக் காலம். மாங்குளம், கனகராயன்குளம் பக்கம் வீதியோரத்தில் பையில் கட்டி விற்பார்கள். மஞ்சள் நிறம், விரல்நுனியளவு, கடித்தவுடன் தேன், அடுத்த கணம் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பறித்த கையோடு தின்னாமல் கொஞ்சநேரம் காயவிட்டால் பால் குறையும். உதட்டில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ பூசிக்கொண்டு தின்பது பழைய வழி. வாங்கித் தின்னுங்கள் என்றுதான் சொல்வேன். பழத்துக்காகப் பாலைக் கொப்பை வெட்டி விழுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், வெட்டிய கொப்பு மறுபடி காய்க்க வருசக்கணக்கு ஆகும், பாலை அவ்வளவு மெதுவாக வளர்கிற மரம். அதன் வைரமேறிய கட்டை தண்ணீரில் தாழும். இந்தப் பழத்தை நம்மைவிட மோகத்தோடு தின்பது கரடி. மரத்திலேறி உலுப்பித் தின்னும், உதிர்ந்ததையும் பொறுக்கும். தின்கிற கரடிக்குச் சின்னச் சத்தம் காதில் ஏறாது, கண்ணும் மந்தம். காற்று எதிர்ப்பக்கம் என்றால் மணமும் போகாது. பற்றைக்குள்ளால் சத்தமில்லாமல் நடந்து வந்த ஆள் பத்தடியில் திடீரென்று எதிர்ப்பட்டால் அது ஓடாது, பயத்தில் பாயும், முகத்துக்குத்தான் பாயும். ஆகவே அடர்காட்டு ஒற்றையடிப் பாதையில், பாலையும் வீரையும் நெருங்கிய இடத்தில், கரடி புதிதாகக் கிண்டிய கறையான் புற்றைக் கண்டால், வாய்விட்டுக் கதைத்துக்கொண்டு போக வேண்டும். பட்டிக்காரர் தேவாரம் பாடிக்கொண்டு போவார், பக்தியும் ஆச்சு, பாதுகாப்பும் ஆச்சு.

யானை அப்படியல்ல. அது நம்மை முன்பே அறிந்திருக்கும். குளத்தோரம், வெளி, வாய்க்கால் கடவை போன்ற இடங்களில் குரலைத் தாழ்த்தி, காதைத் திறந்து வைத்திருக்க வேண்டியது நாம்தான். கொப்பு முறிகிற சத்தம் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது காதடிக்கிற சத்தம், ஈரச்சாக்கை உதறுவதுபோல. அதற்கு முன்பே தரையில் செய்தி கிடக்கும். யானைச் சாணமான லத்தியைக் கண்டால் பயந்து ஓடவும் வேண்டாம், படம் எடுத்துவிட்டுப் போகவும் வேண்டாம். குந்தியிருந்து ஒரு தடியால் பிரியுங்கள். கோடை வெயிலில் வெளித்தோல் சீக்கிரம் காய்ந்துவிடும், ஆகவே வெளியைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. உள்ளே ஈரம் மினுங்கி, வைக்கோலும் புளிப்புமாக மணம் அடித்து, புறங்கையைக் கிட்டக் கொண்டுபோனால் சூடு தெரிந்தால் அது மிகக் கிட்டடியில் போயிருக்கிறது. ஈ மொய்த்து, சாணிவண்டு உருட்டத் தொடங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் முந்தியது. நாராகப் பிரிந்து, கறையான் ஏறியிருந்தால் பழசு. காலடியில் விளிம்பு கூராக நிற்கிறதா, காற்று அள்ளி வந்த சருகும் தூசியும் உள்ளே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னங்காலடியின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரண்டு மடங்காக்கினால் ஏறக்குறைய தோள் உயரம் வரும். ஒற்றைத் தடம், அதுவும் பெரியது என்றால் தனியன், அந்தப் பக்கம் அன்றைக்கு வேண்டாம்.

நேரே கண்டுவிட்டால் நில்லுங்கள். ஒரு பிடி மண்ணை விட்டுக் காற்றுப் பாருங்கள். முகத்தைத் திருப்பாமல் வந்த வழியே பின்வாங்குங்கள். யானை மணிக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல் ஓடும், அதுவும் பற்றைக்குள்ளால். உங்களுக்குப் பற்றை தடை, அதற்கு இல்லை. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் கோர்ன் அடிப்பதையும் லைற்றை விட்டு விட்டுப் போடுவதையும் நிறுத்த வேண்டும். யானைவெடி கொளுத்துவது ஊரைக் காக்கிறவர்களின் வேலை, ஒருநாள் விருந்தாளியின் வேலையில்லை.

காட்டுக்குள் புளியமரம் கண்டால்

வன்னிக் காடு ஆதிக்காடு என்று நினைத்துக்கொண்டு நடந்தால் பாதிக் காட்சி கண்ணில் படாமலே போய்விடும். நடுக்காட்டில் ஒரு புளியமரம் நிற்கிறதா? யாரோ நட்டது. பக்கத்திலே இலுப்பையும் நின்றால் கோயில் ஒன்று இருந்திருக்கும். காட்டுக்குள்ளே நேர்கோட்டில் நீளமாக ஒரு மேடு ஓடுகிறதென்றால் அது இயற்கை மேடு அல்ல, உடைந்துபோன குளத்தின் கட்டு. நடந்து போனால் உடைப்பு வாயும் தெரியும், கட்டின் ஒரு பக்கம் தாழ்வாகவும் மற்றப்பக்கம் பழைய வயல்வரம்புகளின் சாயலுமாக. குளம் உடைந்தால் ஊர் எழும்பிப் போகும், ஊர் போனால் காடு வரும். இந்த மண்ணில் அது ஒருமுறை நடந்த கதையல்ல. போரும் இங்கே புதிதல்ல. 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் அதே ஆண்டு ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க்கின் ஆங்கிலேயப் படையிடம் தோற்றான். அதைச் சொல்லும் நடுகல் ஒட்டுசுட்டான் பக்கத்தில். மாங்குளம் முல்லைத்தீவு வீதியால் போகிறவர்கள் கற்சிலைமடுவையும் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரையும் காலையில் பார்த்துவிட்டு, பத்து மணிக்குள் முத்தையன்கட்டு அலைகரைக்குப் போய்விடலாம். ஒரு நாளுக்கு அது போதும், இன்னும் நாலு இடத்தைச் சேர்க்கிறவர்களின் நாள் றோட்டிலேயே முடியும்.

பிந்திய, போர்க்கால இடப்பெயர்வுகளின் தடங்கள் இன்னும் கிட்ட இருக்கின்றன. தலையில்லாத தென்னைகள், பூவரசு வேலி மரமாகி நிற்பது, சிமெந்துப் படி இரண்டு. இப்படி ஒன்றைக் கண்டால் உடனே கால்வைக்கிற இடத்தைப் பாருங்கள், ஏனென்றால் வீடு இருந்த இடத்தில் கிணறும் இருந்திருக்கும். கட்டு இடிந்து, மேலே கொடி படர்ந்து, புல்லோடு புல்லாகக் கிடக்கிற பாழ்கிணறு யானையையே விழுத்தும். நீண்ட தடியொன்று கையில் இருக்கட்டும், முன்னால் தட்டிக்கொண்டு போங்கள். பிள்ளைகளை இந்த இடங்களில் ஓட விடாதீர்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் அது கண்ணிவெடி எச்சரிக்கை, அதற்கு அப்பால் ஒரு அடியும் இல்லை. பலகை இல்லாத இடத்திலும் மாடும் ஆளும் நடந்து தேய்ந்த பாதையைவிட்டு விலகாதீர்கள். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாதீர்கள், காலால் தட்டாதீர்கள். விலகி வந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், குறுக்கே வெட்டி வெளியேறப் பார்க்காமல் உங்கள் காலடியிலேயே கால் வைத்துத் திரும்புங்கள்.

மூன்று கல்

அடுப்பு மூட்டாமல் ஒரு நாளைக் கழிக்க முடியும் என்று எவ்வளவு சொன்னாலும் ஆட்கள் கேட்பதில்லை. சோற்றை வீட்டிலேயே கட்டிக்கொண்டு வாருங்கள், புளிச்சோறு வெயிலுக்குத் தாங்கும். கருவாடு சுடவும் தேத்தண்ணிக்கும் மட்டும் நெருப்பு. அரசு காவலில் உள்ள ஒதுக்கக் காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது குற்றம். அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம். 2015 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட மடு வீதியிலும் சுண்டிக்குளத்திலும் பாய் விரிக்கிற யோசனையே வேண்டாம். பெரிய குளங்களின் கரை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு, சிறிய குளங்கள் கமநலத் திணைக்களமும் கமக்காரரும் பார்ப்பவை. போன இடத்தில் வாய்க்கால் பார்க்கிறவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டால் ஒருவரும் தடுக்கப்போவதில்லை, எந்தப் பக்கம் யானை இறங்குகிறது என்ற செய்தியும் இலவசமாகக் கிடைக்கும்.

அடுப்பைப் புதிய இடத்தில் மூட்டாதீர்கள். பட்டிக்காரரோ மீன்பிடிகாரரோ முன்பு மூட்டிய சாம்பல் கிடக்கிற இடத்திலேயே மூட்டுங்கள். இதற்குக் காரணம் சுத்தம் அல்ல. மண்ணுக்குள் புதைந்து கிடக்கிற வெடிக்காத பொருள் சூட்டுக்கு வெடிக்கும், குப்பை எரிக்கும்போது வெடித்துக் கையும் காலும் போன கதைகள் இந்தப் பக்கம் கொஞ்சமல்ல. ஏற்கெனவே எரிந்த இடம் பரீட்சை எழுதிய இடம். அதுவும் அலைகரையின் ஈரமணலில், காட்டோரத்திலிருந்து இருபது முப்பது அடி விலகி. சோளகம் மத்தியானத்துக்குப் பிறகு உரக்கும், ஒரு பொறி சருகுக்குள் விழுந்தால் தண்ணீர் வாளி போதாது. புகை மரத்துக்கு நேரே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மேலே பெருந்தேனீக் கூடு தொங்கினால் உங்கள் கருவாட்டுப் புகைதான் அதைக் கிளப்பும். விறகு, கீழே விழுந்து காய்ந்த வீரைக் கொப்பு ஓர் அணைப்புப் போதும்.

தண்ணீர் விசயத்தில் எல்லாரும் குறைத்துக் கணக்குப் போடுகிறார்கள். ஆவணி வெயிலில் ஆளுக்கு நாலு லீற்றர். ஆறு பேர் என்றால் 20 லீற்றர் கான் ஒன்றும் ஆளுக்கொரு ஒன்றரை லீற்றர் போத்தலும். அதில் ஐந்து லீற்றர் நெருப்பை அணைக்க என்று தொடாமல் வைத்திருக்க வேண்டும். குளத்துத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், வயலுக்கு அடித்த மருந்தெல்லாம் சேருமிடம் அது. மாரிக்குப் பின்னர் காலில் காயத்தோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சலுக்கு வழி.

காட்டில் கூட்டமாகத் தங்கிச் சமைப்பதற்கு வன்னியிலேயே பழைய பள்ளிக்கூடம் ஒன்று உண்டு, மடு. ஓகஸ்ட் 15 திருநாளுக்கு வருகிறவர்கள் மரங்களின் கீழ் கூடாரமடித்து நாட்கணக்கில் இருப்பார்கள். அங்கே பழகிய குடும்பங்களைப் பார்த்தால் தெரியும். அரிசியும் உப்பும் இறுக மூடிய வாளிக்குள்ளே, மிச்சச் சோறு குழிக்குள்ளே, பாத்திரம் இரவுக்கு முன்பே கழுவியாகிவிடும். உப்புக்கும் அரிசிக்கும் யானை வீட்டுச் சுவரையே உடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வாழைப்பழச் சீப்பை வாகனத்துக் கூரையில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டு மணிக்குப் பிறகு

சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, மருதவேரில் சாய்ந்த பிறகு இரண்டு மணியளவில் அலைகரை ஒன்றும் அசையாத இடமாகிவிடும். மாடுகள் நிழலில் படுத்து அசைபோடும். மீன்கொத்திகூடக் கண்மூடி இருக்கும். அந்த அமைதி நம்மை ஏமாற்றுகிறது, இன்னும் நேரம் கிடக்கிறது என்று. மூன்றுக்குச் சற்றுப் பின் மாடுகள் ஒவ்வொன்றாக எழும்பும். எழும்பி உடனே மேயாது, காட்டுப்பக்கம் தலை திருப்பி நிற்கும். அதைக் கவனியுங்கள். மூன்றரைக்குப் பட்டிக்காரர் சீழ்க்கையடித்து மறிக்கத் தொடங்குவார், நிழல்கள் தண்ணீரை நோக்கி நீளும், மயில் வெளிக்கு வந்து கூப்பிடும். வெயில் தணிந்து, தண்ணீரின் நிறம் மாறி, நாள் முழுக்கக் காத்திருந்த அந்தக் காட்சி அப்போதுதான் வரும். எழும்ப மனம் வராத கட்டமும் அதுதான். படம் எடுக்கிறவர்கள் "இன்னும் பத்து நிமிசம்" என்பார்கள். காட்டோரத்தில் மூன்றாவது வரிசை மரத்துக்குப் பின்னால் அதே பத்து நிமிசத்துக்காக வேறு யாரோ பொறுமையாக நின்றுகொண்டிருக்கலாம். நாம் போனதும் வருவார்கள். போகாவிட்டாலும் வருவார்கள்.

பட்டி நகரத் தொடங்கியதும் நீங்களும் தொடங்குங்கள். முதலில் அடுப்பு. தண்ணீர் ஊற்றி, தடியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. மூன்று கல்லையும் இருந்த இடத்திலேயே விடுங்கள், அடுத்தவருக்கு ஆகும். போத்தல் மூடிகளை எண்ணுங்கள், எத்தனை போத்தல் கொண்டுவந்தீர்களோ அத்தனை மூடி. பொலித்தீன் பையில் சோற்றுமணம் இருந்தால் மான் தின்னும், யானையும் தின்னும். பாயை உதறும்போது உண்ணி பார்த்துக்கொள்ளுங்கள், கணுக்காலிலும் இடுப்பு மடிப்பிலும்தான் ஏறும். ஏறியிருந்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், தணல் வைத்துச் சுடக் கூடாது. பிறகு, கடைசியாக ஒருவர், வெறுங்கையோடு அந்த மரத்தைச் சுற்றி ஒரு சுற்று.

நாலரைக்குக் கிறவல் றோட்டில் இருந்தால் ஆறுக்கு முன்பே ஏ9 இல் ஏறிவிடலாம். வடக்கே திரும்புகிறவர்களுக்கு முறிகண்டி வரும். பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்துவிட்டுக் கச்சான் கடலை வாங்குங்கள், மணலில் வறுத்த சூட்டோடு. கச்சான் கோதை மட்டும் யன்னலுக்கு வெளியே போடாதீர்கள், பைக்குள் இடம் இருக்கும்.